கொழும்பு வீட்டுத்தோட்டம்: மண்ணைக் கொத்துவதா, மூடுவதா?

கொழும்பில் வீட்டோடு சேர்ந்த சிறு நிலத்தில் மரக்கறி பயிரிட விரும்புகிறவர், விதை வாங்குவதற்கு முன்னரே தீர்த்துக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நிலத்தை ஆழமாகக் கொத்திப் புரட்டிப் பாத்தி கட்டுவதா, அல்லது கொத்தாமலே இலைகுழைகளாலும் கூட்டெருவாலும் மூடி, மண்ணை அதன் போக்கில் இளகவிடுவதா என்பதே அது. இரண்டு பக்கத்திலும் உறுதியான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். கொத்தாத நிலத்தில் வேர் இறங்காது என்று ஒருவர் சொல்வார். கொத்தினால் மண்ணின் உயிர் போய்விடும் என்று மற்றவர் சொல்வார். இருவரும் தத்தம் மண்ணில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே, எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைக் காட்டிலும், கொழும்பின் மழைக்கும் வெப்பத்துக்கும் இங்குள்ள நிலத்தின் அடிப்பகுதிக்கும் எது பொருந்தும் என்று கேட்பதே பயனுள்ளது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான கொழும்பு வளவுகளில் ஒருமுறை, தகுந்த காரணத்தோடு கொத்தவேண்டும், அதன்பின் அந்தப் பாத்தியைப் புரட்டாமல், எந்நாளும் மூடியே வைத்திருக்கவேண்டும். இந்த முடிவு பொருந்தாத வளவுகளும் உண்டு. அவற்றையும் கீழே சொல்கிறேன்.

வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ குடியேறிய குடும்பங்களில், தோட்டம் என்றவுடன் மண்வெட்டிதான் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணியில் அது சரியான நினைவு. அங்கே சுண்ணக்கற்பாறையின் மேல் படிந்த செம்மண் நீரை விரைவாக உறிஞ்சும். ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் கிணற்று நீர்தான் துணை. அந்த மண்ணில் குழை தாழ்ப்பதும் பனையோலை தாழ்ப்பதும் தலைமுறைகளாக நடந்துவரும் வேலைகள். பூவரசு, சீமைக்கிளுவை முதலியவற்றின் குழையை வெட்டி, சாலுக்குள் இட்டு, மண்ணால் மூடினால், வறண்ட வெயிலில் மேலே கிடந்து காய்ந்து வீணாகவேண்டிய குழை ஈரத்துக்குள் இருந்து உக்கும். இங்கே கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த மரபில் கொத்துதல் தனியாக நிற்கவில்லை. சேதனப் பொருளை நிலத்துக்குள் சேர்ப்பதற்கே கொத்தினார்கள். கொழும்புக்கு வந்தபோது மண்வெட்டி மட்டும் வந்தது; குழை வரவில்லை.

கொழும்பின் நிலை வேறு. ஆண்டு மழை 2,400 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை. ஒக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகல்களில் இடியோடு கொட்டும் மழை. ஒக்டோபர் மாதத்தின் சராசரி மட்டுமே 300 மில்லிமீற்றரைத் தாண்டும். ஜனவரியும் பெப்ரவரியும்தான் ஓரளவு வறண்டவை. ஆண்டு முழுவதும் வெப்பநிலை சராசரியாக 27, 28 பாகை செல்சியஸ். இப்படி ஈரமும் வெப்பமும் சேர்ந்தே இருக்கும் இடத்தில் இலைகுழை உக்குவது மிக விரைவு. உக்கியதிலிருந்து வரும் போசணை மழைநீரோடு கரைந்து கீழே போவதும் விரைவு. எனவே இங்கே தோட்டக்காரரின் முதற்கவலை, மண்ணில் சேதனப் பொருள் நிற்காமல் போவதுதான். கொத்துவதையும் மூடுவதையும் இந்த ஒரு கவலையை வைத்தே எடைபோடவேண்டும்.

நிலத்தின் அடிப்பகுதியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மேட்டுநிலங்களில் செம்மஞ்சள் நிற அமில மண்ணும், அதன்கீழ் கபுக் எனப்படும் செம்பூரான் கல்லும் இருக்கும். மேலே ஒரு சாண் மண் கையோடு வரும். அதற்குக் கீழே அலவாங்கை ஓங்கிக் குத்தினால் மந்தமான ஓசையோடு துள்ளித் திரும்பும். பெயர்ந்துவரும் கட்டியை உடைத்துப் பார்த்தால் செம்மஞ்சள் களிக்குள் மிளகளவான கரிய, கடினமான இரும்புமணிகள் தெரியும். களனி கங்கையை அண்டிய கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற தாழ்நிலங்களில், சதுப்பை நிரப்பி எடுத்த வளவுகள் உள்ளன. அங்கே மேற்படை எங்கிருந்தோ லொறியில் வந்த மண், அடியில் நீர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஆகிய இடங்களில் கடலோரத்தை ஒட்டிய வளவுகளில் மணல் கலந்த நிலம். நான்காவதாக, எல்லாப் பகுதிகளிலும் காணப்படும் ஒரு 'மண்' உண்டு: வீடு கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டு, சீமெந்துக் கட்டி, ஓட்டுச்சில், பொலித்தீன் எல்லாம் கலந்த நிலம். பத்துப் பேர்ச் (ஏறத்தாழ 2,700 சதுர அடி) வளவில் வீட்டுக்கும் வாகனத்துக்கும் போக மிஞ்சும் நிலம் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கட்டட இடிபாட்டு நிலத்துக்கு, கொத்துவதை விட்டால் வேறு வழியில்லை. சீமெந்துக் கட்டிகளின் மேல் எவ்வளவு இலைகளைப் பரப்பினாலும் மண்புழு அவற்றைத் தின்று தீர்க்கப்போவதில்லை. சீமெந்துச் சாந்து சுண்ணாம்புத் தன்மையுடையது. அது செறிந்த இடத்தில் மண் காரமாகி, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பகுதி மஞ்சளாக வெளுக்கும். அது இரும்புச்சத்துக் கிடைக்காமையின் அடையாளம். ஆகவே ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, கையால் பொறுக்கி, கற்களை அகற்றவேண்டும். கொத்துவதற்கான இரண்டாவது நல்ல காரணம் அமிலத்தன்மை. கபுக் நிலத்து மண்ணின் பி.எச். மதிப்பு 5.5க்குக் கீழே இறங்கும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். மரக்கறிகளில் பெரும்பாலானவை 6க்கும் 6.8க்கும் இடையிலேயே செழிப்பாக வளரும். இதைத் திருத்த இடும் டொலமைட் என்னும் சுண்ணக்கல் தூள், மேலே தூவினால் மிக மெதுவாகத்தான் கீழிறங்கும். பொசுபரசும் அப்படியே, இட்ட இடத்தை விட்டு அசைவது அரிது. இவற்றை வேர் நிற்கும் ஆழத்துக்குக் கொண்டுபோக மண்வெட்டி வேண்டும். மூன்றாவது காரணம் கோரை. கோரையின் கிழங்குகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று தொடுத்து நிலத்துக்குள் கிடக்கும்; அதன் கூரிய முளை காட்போட்டையும் பொலித்தீனையும்கூடத் துளைத்து வெளியே வரும். அதை மூடி அழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போது பற்கள் கொண்ட தோட்ட முள்ளால் கிளப்பி, கிழங்கைக் கையால் எடுக்கவேண்டும். மண்வெட்டியால் வெட்டினால் துண்டுபட்ட ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகும்.

இனி, கொத்துவதால் இழப்பவை. புரட்டப்பட்ட மண்ணுக்குள் காற்றுப் புகுந்தவுடன் நுண்ணுயிர்கள் வேகம் கொண்டு, இருந்த சேதனப் பொருளை உண்டு தீர்க்கின்றன. அதனால் வெளியாகும் நைதரசன் முதற்பயிரைக் கருகருவென்று வளரச்செய்யும். கொத்தின பாத்தியில் கத்தரி நன்றாக வருகிறது என்று மக்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்த வளம். ஒவ்வொரு போகத்துக்கும் புரட்டிக்கொண்டிருந்தால், இந்த வெப்பத்தில் சில ஆண்டுகளுக்குள் மண் வெளிறி, இறுகி, பசளை போட்டால் மட்டும் விளையும் நிலைக்கு வந்துவிடும். மேலும், ஒளி பட்டால்தான் முளைக்கும் களைவிதைகள் பல ஆண்டுகளாக ஆழத்தில் உறங்கிக் கிடப்பவை; புரட்டும்போது அவற்றை நாமே மேலே கொண்டுவருகிறோம். மண்புழு தோண்டிய துளைகளும், வேர்களோடு பின்னிப் பொசுபரசைக் கொணரும் பூஞ்சண இழைகளும் அறுபடுகின்றன. எல்லாவற்றிலும் கண்கூடாகத் தெரிவது மழை செய்யும் சேதம். பெரிய மழைத்துளி வினாடிக்கு 9 மீற்றர் வரையான வேகத்தில் விழுகிறது. கொத்திப் பதப்படுத்திய வெறும் மண்ணில் ஒக்டோபர் மழை ஒரு பிற்பகல் பெய்தால், உதிரியாக இருந்த மேற்படை உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்து, மறுநாள் வெயிலில் ஓடுபோல் பொருக்கு விடும். அந்தப் பொருக்கைக் கீழிருந்து தள்ள முடியாமல் முளைக்கீரை விதைகள் மடிவதைக் கண்டவர்களுக்கு, கொத்திய உழைப்பு எங்கே போனது என்று விளங்கும்.

உழைப்பின் அளவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 100 சதுர அடிப் பாத்தியை ஓரடி ஆழத்துக்குப் புரட்டுவது 100 கன அடி மண்ணை அசைப்பதாகும். நிறையில் அது மூன்றரைத் தொன்னுக்கு மேல். இரண்டடி ஆழத்துக்குக் கொத்தும் இரட்டைக் கொத்து என்றால் அதன் இருமடங்கு. கபுக் நிலத்தில் இரண்டடி கொத்துவது உழைப்பு வீண் என்பது மட்டுமல்ல, தீங்கும்கூட. சுற்றிலும் நீர் இறங்காத கடினப்படையின் நடுவே இளகிய குழி ஒன்றை அமைத்துவிட்டால், மழைக்காலத்தில் வளவு நீரெல்லாம் அதற்குள் வடிந்து தேங்கும். மிளகாயும் தக்காளியும் இரண்டு நாள் தேங்கிய நீரில் நின்றாலே வேரழுகி வாடும்.

கொத்துகிறவர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி உருண்டையாக்கி, பெருவிரலால் அழுத்துங்கள். உருண்டை உதிர்ந்தால் கொத்தலாம். விரலடையாளம் வழவழப்பாகப் பதிந்து உருண்டை உடையாமல் நின்றால், அன்று மண்வெட்டியைத் தொடவேண்டாம். ஈரக்களியைப் புரட்டினால் காய்ந்தபின் கல்லாகும், அதை மீண்டும் இளக்க ஓராண்டு ஆகும். சேற்று மண்ணில் வேலை செய்கிறவர்கள் கையுறையும் முழங்கால்வரைச் சப்பாத்தும் அணிவது அவசியம். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணில், கையிலோ காலிலோ உள்ள சிறு கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சல் தொற்றும். அது உயிர்போக்கும் நோய்.

மூடாக்கு

மூடுவதன் பயனை அறிய, மூன்று மாதம் மூடிக் கிடந்த ஒரு பாத்தியின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தால் போதும். மேலே காய்ந்த பலாவிலை; அதன்கீழ் கரும்பழுப்பாக நனைந்து, நரம்பு மட்டும் வலைபோல் எஞ்சிய இலை; அதற்கும் கீழே இலையையும் மண்ணையும் சேர்த்துத் தைத்த வெண்ணிற இழைகள்; மண்ணோடு ஒட்டும் இடத்தில் குறுணல் குறுணலாக மண்புழு எச்சம். அந்த இடத்தில் விரலை நுழைத்தால் இரண்டு கணு வரை தடையின்றி இறங்கும். நான்கடி தள்ளி, மூடாத நடைபாதை ஓரத்தில் அதே விரல் நகத்தளவுகூட இறங்காது. இந்த வேலையை யாரும் கொத்திச் செய்யவில்லை. இலைப்படை மழைத்துளியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஜனவரி, பெப்ரவரி வெயிலில் ஆவியாதலைக் குறைத்து நீரூற்றும் வேலையை மிச்சப்படுத்துகிறது. நண்பகலில் வெறும் மண் வேரைச் சுடுமளவுக்குக் காய்கிறபோது மூடிய மண் இதமாக இருக்கிறது. மழை தெறித்து மண்ணிலுள்ள நோய்க்கிருமி கீழிலைகளில் ஏறுவதையும் தடுக்கிறது.

ஆனால் மூடாக்கு இலவசமாக வருவதில்லை, ஒரு முறையோடு முடிவதுமில்லை. 100 சதுர அடிக்கு மூன்று அங்குலத் தடிப்பில் பரப்ப 25 கன அடி, அதாவது 700 லீற்றர் அளவான பொருள் வேண்டும். நெரிக்காமல் நிரப்பிய உரப்பைகளில் எட்டுப் பத்துப் பை என்று கொள்ளலாம். மழைக்காலத்தில் அது இரண்டு மூன்று மாதத்தில் பாதியாகக் கரைந்துவிடும். ஆகவே ஆண்டில் மூன்று, நான்கு தடவை இட்டு நிரப்பவேண்டியிருக்கும். குடியிருப்பு நெருங்கிய நகரத்தில் இவ்வளவு இலைகுழைக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயமே. ஆனால் கொழும்பு மரங்கள் நிறைந்த நகரம். மாவும் பலாவும் கொட்டங்காய் மரமும் வீதியோரத்து அரசும் உதிர்க்கும் இலைகளைக் காலையில் கூட்டி, பையில் கட்டி, குப்பை வண்டிக்குக் கொடுக்கிறோம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரும் இந்த வழக்கம் பல வீடுகளில் மாறவில்லை. அயலவரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

எல்லாப் பொருளும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. கிளிரிசீடியாக் குழை, அதாவது சீமைக்கிளுவை, நைதரசன் மிகுந்தது; சில வாரங்களிலேயே கரைந்து பசளையாகிவிடும்; மதிலோரம் நட்டு, ஆண்டுக்குப் பலமுறை கவ்வாத்துச் செய்யக்கூடிய இடம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. மாவிலையும் பலாவிலையும் தடித்தவை. முழுதாகப் பரப்பினால் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் படிந்து சிறுமழையைக் கீழே விடா. கையால் நொறுக்கியோ கத்தியால் துண்டாக்கியோ இடவேண்டும். வெட்டிய புல்லை ஓரங்குலத்துக்கு மேல் ஈரமாகக் குவித்தால் சூடேறி அழுகி நாறும். தேங்காய் மட்டையிலிருந்து தும்பு பிரிக்கும்போது மிஞ்சும் தூளான தும்புச்சோறு கடைகளில் எளிதாகக் கிடைக்கும். நீரை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் உப்புத்தன்மை இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று தடவை கழுவிப் பயன்படுத்தவேண்டும். அதில் போசணை மிகக் குறைவு. மரத்தூளிலும் தும்புச்சோற்றிலும் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. இவை மேலே கிடக்கும்வரை பெரிய தீங்கில்லை. கொத்தி மண்ணோடு கலந்துவிட்டால், அவற்றை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ள, செடி மாதக்கணக்கில் மஞ்சளாக நிற்கும். இரண்டு முறைகளையும் அரைகுறையாகக் கலப்பவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் இது.

மூடாக்கின் உண்மையான எதிரிகள் நத்தையும் நுளம்பும் கறையானும். 1900ஆம் ஆண்டளவில் இத்தீவுக்குள் கொண்டுவரப்பட்ட இராட்சத ஆபிரிக்க நத்தை, ஈரமான இலைப்படையைப் பகலில் ஒதுங்கிடமாக்கி, இரவில் வெளியே வந்து, நட்ட நாற்றை நிலமட்டத்தில் அரிந்துவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இதன் பெருக்கம் மிகும். அம்மாதங்களில் மூடாக்கை ஓரங்குலமாக மெலிதாக்கி, நாற்றைச் சுற்றி ஒரு சாண் நிலத்தை வெறுமையாக விட்டு, மாலையில் விளக்கோடு சென்று பொறுக்கவேண்டும். நத்தைகளில் மூளையுறை அழற்சியை உண்டாக்கும் புழு இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது, கீரையையும் நன்றாகக் கழுவியே சமைக்கவேண்டும். நுளம்பைப் பற்றிக் கொழும்பில் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. சிரட்டை, பாளை, குழிந்த ஓடு, பிளாஸ்ரிக் துண்டு எதுவும் மூடாக்கில் கலக்கக்கூடாது. பொச்சுமட்டை இடுவதானால் குழிந்த பக்கம் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்தே இடவேண்டும். மல்லாந்து கிடக்கும் ஒவ்வொரு மட்டையும் டெங்கு நுளம்பின் தொட்டில். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது தண்டனைக்குரியதும் ஆகும். கறையான், வறண்ட மாதங்களில் மரச்சக்கை, ஓலைமட்டை போன்ற கடினப் பொருள்களை நாடி வரும். அவற்றை வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி வைத்தால் போதும். கறுப்புப் பொலித்தீன் விரிப்பு களையை அடக்கும் என்பது உண்மை. ஆனால் அது மண்ணுக்கு எதையும் தராது, நமது வெயிலில் வேர்ப்பகுதியைச் சூடாக்கும், கிழிந்தபின் நிலத்தில் துணுக்குகளாக எஞ்சும். வீட்டுத்தோட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில்

மண்ணைப் புரட்டாமல் இளக்கும் வழியும் உண்டு. நீண்ட பற்கள் கொண்ட தோட்ட முள்ளையோ அலவாங்கையோ முக்கால் அடிக்குச் செங்குத்தாக இறக்கி, கைபிடியைப் பின்னே சாய்த்து, மண்ணைச் சற்றுத் தூக்கி விட்டுவிடுவது. மேற்படை மேலேயே, அடிப்படை அடியிலேயே இருக்கும். இடையில் காற்றும் நீரும் போகப் பிளவு உண்டாகும். ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் செய்துகொண்டு போனால், 100 சதுர அடிப் பாத்தி காலைவேளை ஒன்றுக்குள் முடிந்துவிடும். மிதிபட்டு இறுகிய, ஆனால் கற்களில்லாத நிலத்துக்கு இது மிகப் பொருத்தம். முதியவர்களாலும் செய்யமுடியும்.

தாழ்நிலத்து வளவுகளுக்குக் கொத்துவதும் பொருந்தாது, மூடுவது மட்டும் போதாது. அங்கே நீர்மட்டத்துக்கு மேலே வேருக்கு இடம் தரவேண்டும்; கபுக் கல்லாலோ பழைய செங்கல்லாலோ ஓரடி உயரத்துக்கு வரம்பு கட்டி, நல்ல மண்ணும் கூட்டெருவும் நிரப்பி உயர்பாத்தி அமைப்பதே வழி. செலவு அதிகம்; மண் வாங்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும் வேண்டும், ஏனெனில் லொறி மண்ணோடு கோரைக்கிழங்கும் வரும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது போல வெள்ளம் வந்தால் ஓரடி உயரமும் காக்காது. ஆனால் வழக்கமான மழைத் தேக்கத்துக்கு அது போதும்.

பயிரை வைத்தும் முடிவு மாறும். இஞ்சியும் மஞ்சளும் மூடாக்கை விரும்பும். நட்டவுடன் தடிப்பாக மூடலாம். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி ஆகியவை ஒரு முழம் வளர்ந்தபின் மூடினால் நல்லது. தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே இடவேண்டும், தண்டில் ஈரஇலை ஒட்டினால் பட்டை அழுகும். பயற்றை, பாகல், புடோல் போன்ற கொடிகளுக்குக் குழியை மட்டும் கொத்தி, எஞ்சிய நிலத்தை மூடினால் போதுமானது. கீரை விதைகள் இதற்கு விலக்கு. முளைக்கீரை விதை மணற்பருக்கை அளவானது. மூடிய நிலத்தில் தூவினால் இலைக்கு மேலே கிடந்து காயும் அல்லது எறும்புக்குப் போகும். ஆகவே கீரைப் பாத்தியில் மூடாக்கை ஒதுக்கி, மேல் இரண்டு அங்குலத்தை மட்டும் சிறு முள்ளால் கீறி, பொடிக் கூட்டெரு தூவி விதைத்து, செடி விரலளவு வளர்ந்தபின் நடுவே மெல்லிய இலைப்பொடியைப் போடலாம். மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகளுக்கு இளகிய மேடு தேவை. அங்கே கொத்தியே ஆகவேண்டும், அறுவடையின்போது நிலம் மறுபடியும் கிளறப்படும். கிழங்குக்கு ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் மற்றப் பாத்திகள் கலையாமல் இருக்கும். தக்காளி, கத்தரிச் செடிகள் பச்சையாகவே திடீரென வாடிச் சாகும் பற்றீரியா வாடல் நோய் ஈரவலயத்தில் அதிகம். கொத்துவதாலோ மூடுவதாலோ அது தீராது, அந்தப் பாத்தியில் சில போகங்களுக்கு அந்தக் குடும்பப் பயிர்களைத் தவிர்க்கவேண்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதையும், 2022 ஜூனில் அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அறிவிக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அந்த மாதங்களில் நகரமெங்கும் புல்தரைகள் அவசரமாகக் கொத்தப்பட்டன. கொத்திப் பாத்தி கட்டிய கைகளுக்கு, அதற்குமேல் என்ன இடவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமற்போனது பெரிய குறை. பசளை கிடைக்காத காலத்தில், சேதனப் பொருள் குறைந்த வெறும் மண்ணைக் கொத்தி மழைக்குத் திறந்துவிடுவது, இருந்த கொஞ்சத்தையும் கழுவிவிடுவதாகும். நெருக்கடிக் காலத்தில் குடும்பத்துக்கு உணவு தரவேண்டிய நிலம் நெருக்கடிக்கு முன்பே மூடப்பட்டு, வளம் சேர்க்கப்பட்டிருக்கவேண்டும் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இப்போது கபுக் நிலத்திலோ கட்டட இடிபாட்டு நிலத்திலோ தொடங்குகிறவர், ஒக்டோபர் மழைக்கு முன், செப்டெம்பர் தொடக்கத்தில் மழை விட்ட சில நாள்களைப் பயன்படுத்தவேண்டும். முதலில் ஒரு மூலையில் ஓரடிக் குழி தோண்டி, ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்தால் நிலம் கொத்தத் தக்கது. மறுநாளும் நீர் நின்றால் உயர்பாத்திக்குப் போங்கள். கொத்துவதானால் ஓரடிக்கு மேல் போகவேண்டாம். கல், பொலித்தீன், கோரைக்கிழங்கு அகற்றி, 100 சதுர அடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ டொலமைட்டும், இரண்டு அங்குலத் தடிப்பில் உக்கிய கூட்டெருவும் கலக்கவேண்டும். சீமெந்துத் துண்டுகள் மிகுந்திருந்த இடத்தில் டொலமைட் வேண்டாம். அன்றைக்கே மூடிவிடவேண்டும், இரண்டு வாரம் கழித்து, மூடாக்கை விலக்கி நாற்று நடலாம். பாத்தியின் அகலம் நான்கடிக்குள் இருந்தால் இருபுறமிருந்தும் கை எட்டும். காலால் மிதிக்கவேண்டிய தேவையே வராது. மிதிக்காத பாத்திக்கு மறுபடி கொத்தும் தேவையும் வராது. அடுத்த போகங்களில் காய்ந்த செடியை வேரோடு பிடுங்காமல், நிலமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணுக்குள்ளேயே உக்கவிடலாம். நோய் கண்ட செடி மட்டும் வேரோடு வெளியேறவேண்டும்.

மணல் வளவுகளில் இந்த முதற்கொத்தும் தேவையில்லை. மணல் ஏற்கெனவே இளகியது; அதன் குறை, நீரையும் பசளையையும் பிடித்துவைக்காமை. அங்கே தோண்டிக் கலக்கும் கூட்டெருவைக் காட்டிலும், மாதந்தோறும் மேலே இடும் மெல்லிய படை அதிக காலம் பயன் தரும். கடற்காற்று இலைகளை அள்ளிச் செல்லாமல் இருக்க, கழுவிய தும்புச்சோற்றை அடியிலும், நொறுக்கிய இலையை நடுவிலும், தென்னோலையை மேலே கிடையாகவும் இட்டால் படை நிற்கும். ஓலை காய்ந்து முறியத் தொடங்கும்போது அதைத் துண்டாக்கி அங்கேயே விட்டு, புதிய ஓலையை மேலே இடவேண்டும்.